எழுதுகிறவர் வீட்டுக்கு எந்தப் பிரிண்டர்?



நீங்கள் எழுத்தைக் கற்றீர்கள். உங்கள் பெயரை எழுதினீர்கள். கடிதம் எழுதினீர்கள். மனு எழுதினீர்கள். உங்களில் சிலர் இப்போது கதையும் எழுதுகிறீர்கள். பாட்டுக் கட்டுகிறீர்கள். பட்ட கஷ்டத்தை நோட்டில் எழுதி வைக்கிறீர்கள்.

எழுதியதை நாலு பேர் படிக்க வேண்டும். நோட்டில் அடித்தல் இருக்கும். திருத்தல் இருக்கும். பத்திரிகைக்கு அனுப்பும்போது தெளிவான அச்சுப்படி இருந்தால் நல்லது. அப்போது மனதில் ஒரு கேள்வி எழும்.

"வீட்டிலேயே ஒரு பிரிண்டர் வாங்கினால் என்ன?"

பிரிண்டர் என்றால் அச்சுப்பொறி. போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் எழுத்தை அது தாளில் பதித்துத் தரும். அதன் விலை ஆயிரக்கணக்கில் இருக்கும். உழைத்துச் சேர்த்த காசு வீணாகக் கூடாது. எனவே வாங்கும் முன் யோசிப்போம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எழுத்து முதலில், பொறி பிறகு

பேபி ஹால்தார் என்ற எழுத்தாளரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வோம். இவர் வங்க மொழி பேசுபவர். சிறு வயதிலேயே இவருக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். படிப்பு பாதியில் நின்றது. கணவர் வீட்டில் அடியும் துன்பமும் பட்டார். பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டில்லிப் பக்கம் வந்தார். வீட்டு வேலை செய்து பிழைத்தார்.

டில்லிக்குப் பக்கத்தில் குர்கான் என்ற ஊர் இருக்கிறது. இப்போது அதன் பெயர் குருகிராம். அங்கே பிரபோத் குமார் என்ற பேராசிரியர் வீட்டில் பேபி ஹால்தாருக்கு வேலை கிடைத்தது. அந்தப் பேராசிரியர், இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது இவர் புத்தகங்களை ஆசையோடு பார்த்தார். பேராசிரியர் அதைக் கவனித்தார். ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார். "உன் வாழ்க்கையை எழுது" என்றார்.

வேலை முடிந்த நேரத்தில் பேபி ஹால்தார் எழுதினார். கையால்தான் எழுதினார். அது 2002-இல் இந்தியில் புத்தகமாக வந்தது. 2006-இல் ஆங்கிலத்திலும் வந்தது. பல நாட்டு மக்கள் அதைப் படித்தார்கள்.

இதிலிருந்து நமக்கு ஒன்று தெரிகிறது. எழுதத் தேவையானவை ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான். பிரிண்டர் இல்லை என்பதற்காக யாரும் எழுதாமல் இருக்க வேண்டாம். படி எடுக்கிற வேலை வரும்போதுதான் பிரிண்டர் வேண்டும்.

நமக்குத் தெரிந்த பிரிண்டர்கள்

பிரிண்டர் நமக்குப் புதிது அல்ல. வங்கிக்குப் போகிறோம். பாஸ்புக்கில் வரவு செலவு பதித்துத் தருகிறார்கள். கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். அது ஒரு வகைப் பிரிண்டர். சிறிய ஊசிகள் மைநாடாவைத் தட்டும். புள்ளி புள்ளியாக எழுத்து விழும்.

கடையில் சாமான் வாங்குகிறோம். வழுவழுப்பான தாளில் பில் வருகிறது. அது இன்னொரு வகை. அதில் மையே கிடையாது. சூட்டினால் அந்தத் தாள் கறுக்கிறது. அதனால்தான் அந்தப் பில் சில மாதங்களில் மங்கிப் போகிறது.

இந்த இரண்டும் கதை எழுதுகிறவருக்கு உதவாது. வீட்டுக்கு ஏற்றவை வேறு மூன்று வகை.

முதல் வகை: கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். கார்ட்ரிட்ஜ் என்பது மை அடைத்த சிறிய பெட்டி. மை தீர்ந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும். இந்தப் பிரிண்டரின் விலை குறைவு. ஆனால் பெட்டியில் மை கொஞ்சம்தான் இருக்கும்.

இரண்டாம் வகை: இங்க் டேங்க் பிரிண்டர். இதில் மைத்தொட்டி இருக்கும். மை தீர்ந்தால் புட்டியில் மை வாங்கித் தொட்டியில் ஊற்றலாம். இந்தப் பிரிண்டரின் விலை அதிகம். ஆனால் ஒரு புட்டி மை பல ஆயிரம் பக்கத்துக்கு வரும்.

மூன்றாம் வகை: லேசர் பிரிண்டர். இதில் ஈர மை இல்லை. டோனர் என்ற தூள் இருக்கும். தூள் தாளில் ஒட்டும். சூடான உருளை அதை உருக்கிப் பதிக்கும். அதனால்தான் தாள் வெளியே வரும்போது சூடாக இருக்கிறது. ஜெராக்ஸ் மிஷினும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

லேசர் எழுத்து ஈரம் பட்டாலும் கரையாது. இரண்டு மாதம் சும்மா வைத்தாலும் தூள் காயாது. ஈர மை அப்படி இல்லை. நெடுநாள் பிரிண்ட் எடுக்காமல் இருந்தால் மை காய்ந்து துளையை அடைத்துக்கொள்ளும்.

லேசருக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். உருளை சூடாகும் நேரத்தில் சட்டென்று நிறைய மின்சாரம் இழுக்கும். எனவே வீட்டு இன்வெர்ட்டரிலோ சிறிய யுபிஎஸ்ஸிலோ அதைப் போடக்கூடாது. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் இதையும் யோசிக்க வேண்டும்.

அக்காவும் தம்பியும்

ஓர் அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். மாலையில் கற்போர் மையத்துக்கு வருகிறார். அவர் தன் வாழ்க்கையை எழுதுகிறார். நாலு நோட்டு நிரம்பிவிட்டது. இப்போது அதைப் போனில் தட்டச்சு செய்கிறார். மையத்தில் இருக்கும் தொண்டரை அவர் தம்பி என்று அழைப்பார். இருவரும் பேசுவதைக் கேளுங்கள்.

அக்கா: தம்பி, கடையில ஒரு பிரிண்டர் பார்த்தேன். 4,000 ரூபாய்தான் சொல்றாங்க. பக்கத்துல இன்னொண்ணு 12,000. சின்னதையே வாங்கிடலாம்னு இருக்கேன்.

தம்பி: அவசரப்படாதீங்க அக்கா. மாசம் எத்தனை பக்கம் பிரிண்ட் எடுப்பீங்க?

அக்கா: அதை யாரு எண்ணினா?

தம்பி: இப்ப எண்ணுவோம். போன மாசம் எவ்வளவு எழுதினீங்க?

அக்கா: ரெண்டு அத்தியாயம். ஒண்ணு ஒண்ணும் எட்டுப் பக்கம் வரும்.

தம்பி: ஒரு அத்தியாயத்தை எத்தனை தடவை பிரிண்ட் எடுப்பீங்க?

அக்கா: திருத்தறதுக்கு ஒரு தடவை. திருத்தின பிறகு படிச்சுப் பார்க்க ஒரு தடவை. கடைசியா நல்ல படி ஒண்ணு. ஆக மூணு தடவை.

தம்பி: எட்டு மூணு இருபத்து நாலு. ரெண்டு அத்தியாயத்துக்கு 48. மாசம் 50 பக்கம்னு வைச்சுக்குவோம். படம் ஏதாவது உண்டா? கலர் வேணுமா?

அக்கா: எனக்கு எதுக்குப் படம்? கறுப்பு எழுத்துதான். கண்ணுக்கு நல்லாத் தெரியணும். அது போதும்.

தம்பி: அக்கா, பாதி வேலை முடிஞ்சுது. எத்தனை பக்கம், என்ன நிறம்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே கணக்குதான்.

தையல் மிஷின் வாங்குபவர் தினம் எத்தனை ஜாக்கெட் தைப்போம் என்று பார்த்துத்தானே வாங்குவார்? பிரிண்டருக்கும் அதே வழிதான். முதலில் நம் எழுத்தை எண்ண வேண்டும். பிறகு கடைக்குப் போக வேண்டும்.

கணக்குப் போடுவோம்

பிரிண்டரின் விலையை ஒரு முறை கொடுக்கிறோம். மையின் விலையைத் தொடர்ந்து கொடுக்கிறோம். மாடு வாங்கும்போது மாட்டின் விலையை மட்டும் பார்ப்போமா? தீவனச் செலவையும் பார்ப்போம் அல்லவா? பிரிண்டரின் தீவனம் மையும் தாளும்.

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடையில் கேட்டு, அந்த விலையை வைத்து நீங்களும் போடுங்கள். வழி ஒன்றுதான்.

மையின் விலையைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு மைச் செலவு என்று தெரியும்.

கார்ட்ரிட்ஜ்: விலை 800 ரூபாய். 160 பக்கம் வரும். ஒரு பக்கத்துக்கு 5 ரூபாய்.

மைப் புட்டி: விலை 400 ரூபாய். 4,000 பக்கம் வரும். ஒரு பக்கத்துக்கு 10 பைசா.

டோனர்: விலை 2,000 ரூபாய். 1,000 பக்கம் வரும். ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய்.

தாள்: ஒரு கட்டில் 500 தாள். விலை 300 ரூபாய். ஒரு தாள் 60 பைசா.

தாளையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவு இது. கார்ட்ரிட்ஜில் 5 ரூபாய் 60 பைசா. இங்க் டேங்கில் 70 பைசா. லேசரில் 2 ரூபாய் 60 பைசா. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க 5 ரூபாய் என்று வைப்போம். அதில் தாளும் சேர்ந்துவிட்டது.

அக்கா மாதம் 50 பக்கம் எடுப்பார். மூன்று ஆண்டு என்பது 36 மாதம். மொத்தம் 1,800 பக்கம். மூன்று ஆண்டில் எவ்வளவு செலவாகும்?

கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்: விலை 4,000. மையும் தாளும் 10,080. மொத்தம் 14,080 ரூபாய்.

இங்க் டேங்க் பிரிண்டர்: விலை 12,000. மையும் தாளும் 1,260. மொத்தம் 13,260 ரூபாய்.

லேசர் பிரிண்டர்: விலை 13,000. டோனரும் தாளும் 4,680. மொத்தம் 17,680 ரூபாய்.

ஜெராக்ஸ் கடை: 1,800 பக்கத்துக்கு 9,000 ரூபாய்.

பார்த்தீர்களா? 4,000 ரூபாய்ப் பிரிண்டர் மூன்று ஆண்டில் 12,000 ரூபாய்ப் பிரிண்டரை மிஞ்சிவிட்டது. விலை குறைந்தது செலவில் கூடியது. எல்லாவற்றையும் விடச் செலவு குறைந்தது கடைதான்.

இன்னொருவர் மாதம் 150 பக்கம் எடுப்பவர் என்று வைப்போம். அவருக்கு மூன்று ஆண்டில் 5,400 பக்கம். கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் அவருக்கு 34,240 ரூபாய் ஆகும். லேசரில் 27,040 ரூபாய். கடையில் 27,000 ரூபாய். இங்க் டேங்கில் 15,780 ரூபாய்தான்.

இந்த விலைகளின்படி, மாதம் சுமார் 80 பக்கம் வரை கடையே மேல். அதைத் தாண்டினால் இங்க் டேங்க் மேல்.

பழுது வந்தால் அது தனிச் செலவு. அதையும் மனதில் வையுங்கள்.

பெட்டியில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

மைப் பெட்டியின் மேல் எத்தனை பக்கம் வரும் என்று எழுதியிருப்பார்கள். அது சோதனைப் பக்கத்தை அச்சிட்டுக் கண்ட எண். படம் அச்சிட்டால் மை சீக்கிரம் தீரும். தடித்த எழுத்து அதிகம் இருந்தாலும் சீக்கிரம் தீரும். புதுப் பிரிண்டரை முதலில் தயார் செய்யும்போதும் கொஞ்சம் மை செலவாகும். எனவே பெட்டியில் 4,000 என்று இருந்தால் கொஞ்சம் குறைத்தே கணக்குப் போடுங்கள்.

பணக் கணக்கு மட்டும் போதுமா?

கணக்கைப் பார்த்த பிறகும் அக்கா யோசித்துக்கொண்டே இருந்தார்.

தம்பி: கடைதான் மலிவுன்னு தெரிஞ்சுபோச்சே, அக்கா. இன்னும் என்ன யோசனை?

அக்கா: தம்பி, நான் எழுதறது கதை இல்லை. என் வாழ்க்கை. என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிச்சது எல்லாம் அதுல இருக்கு. கடையில பிரிண்ட் எடுத்தா அங்க இருக்கிற பையன் படிப்பான். நாளைக்கு ஊரே பேசும். புத்தகமா வரும்போது வரட்டும். அதுக்கு முன்னாடி வேணாம்.

அக்கா சொல்வது நியாயம்தான். எழுதி முடிக்கும் வரை எழுத்து எழுதியவருக்கே சொந்தம். யாருக்கு முதலில் காட்டுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் பயத்தால் ஒருவர் எழுதுவதையே நிறுத்திவிட்டால் அது பெரிய நஷ்டம். அந்த நஷ்டம் ரூபாய்க் கணக்கில் வராது.

கடையில் பிரிண்ட் எடுப்பவர் என்ன செய்யலாம்? கடைக்காரர் போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ அனுப்பியது அங்கேயே தங்கிவிடும். வேலை முடிந்ததும், "அண்ணே, என்னுடையதை அழிச்சுடுங்க" என்று கேளுங்கள். உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கெட்டுப்போன தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர், ஒரு பிரிண்டர்

அக்காவைப் போல எழுதுகிறவர்கள் மையத்தில் இன்னும் நால்வர் இருந்தார்கள். ஆளுக்கு மாதம் 50 பக்கம். ஐந்து பேருக்கு 250 பக்கம். தம்பி புதுக் கணக்குப் போட்டார்.

பிரிண்டர் விலை 12,000 ரூபாய். ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 2,400 ரூபாய். ஒரு பக்கத்துக்கு 70 பைசா ஆகிறது. ஆனால் பக்கத்துக்கு 1 ரூபாய் என்று உண்டியலில் போடுவோம். மிச்சம் 30 பைசா பழுது பார்க்க உதவும்.

மூன்று ஆண்டில் ஒருவருக்கு 1,800 பக்கம். அதற்கு 1,800 ரூபாய். பிரிண்டர் பங்கு 2,400 ரூபாய். ஆக ஆளுக்கு 4,200 ரூபாய். கடையில் எடுத்தால் ஆளுக்கு 9,000 ரூபாய். ஒவ்வொருவருக்கும் 4,800 ரூபாய் மிச்சம். அதோடு மூன்று ஆண்டில் உண்டியலில் பழுதுக்கென்று 2,700 ரூபாய் சேர்ந்திருக்கும்.

சேர்ந்து வாங்கினால் சில விதிகள் வேண்டும். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, பெயர், பக்கம் மூன்றையும் எழுதுங்கள். அவரவர் போனிலிருந்து அவரவரே பிரிண்ட் எடுக்க வேண்டும். தாள் வரும் வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறர் தாளை யாரும் படிக்கக்கூடாது. கெட்ட தாளைக் கிழித்துவிட வேண்டும்.

சேர்ந்து எழுதுவதில் பெரிய பலம் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே 2002-இல் கிராமத்துப் பெண்கள் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதன் பெயர் கபர் லஹரியா. டில்லியில் உள்ள நிரந்தர் என்ற அமைப்பு துணை நின்றது. உள்ளூர்ப் பேச்சான புந்தேலி மொழியில் செய்தி எழுதினார்கள். அவர்களில் பலர் நம்மைப் போலப் பெரியவர்கள் ஆன பிறகு எழுத்துக் கற்றவர்கள். செய்தி சேகரித்ததும் அவர்களே. எழுதியதும் அவர்களே. ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றதும் அவர்களே. 2009-இல் யுனெஸ்கோ எழுத்தறிவுப் பரிசு அந்த முயற்சிக்குக் கிடைத்தது. பிறகு அது இணையத்துக்கு மாறியது. ஒருவரால் முடியாததைப் பலர் சேர்ந்து செய்யலாம் என்பதற்கு இது சாட்சி.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. மை என்ன விலை? எத்தனை பக்கம் வரும்?

2. அந்த மை எங்கள் ஊரிலேயே கிடைக்குமா?

3. போனிலிருந்து நேராகப் பிரிண்ட் எடுக்கலாமா? கம்ப்யூட்டர் இல்லாதவருக்கு இது முக்கியம். போனில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

4. ஸ்கேனர் உண்டா? ஸ்கேனர் என்பது தாளைப் படம் எடுக்கும் கண்ணாடிப் பலகை. பழைய நோட்டைப் படம் எடுத்துப் பத்திரமாக வைக்க அது உதவும்.

5. தாளின் இரண்டு பக்கமும் அச்சிட முடியுமா? முடிந்தால் தாள் செலவு பாதியாகும்.

6. கறுப்பு மை ஈரம் பட்டால் கரையுமா? ஓர் எழுத்தை அச்சிட்டு, காய்ந்த பின் ஈர விரலால் தடவிப் பாருங்கள்.

7. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பழுது பார்க்கும் இடம் எங்கே? வேறு மை ஊற்றினால் உத்தரவாதம் போகுமா?

சிலர், "இந்தப் பிரிண்டரில் தமிழ் வருமா?" என்று கேட்பார்கள். பிரிண்டருக்கு மொழி கிடையாது. போனில் தமிழ் சரியாகத் தெரிந்தால் தாளிலும் தமிழ் வரும். இந்தியோ வங்காளமோ, எதுவானாலும் அப்படித்தான். ஆனால் ஒன்று. வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் சில சமயம் எழுத்து மாறிவிடும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். எனவே பிடிஎஃப் என்ற வடிவில் மாற்றி அனுப்புங்கள். அதில் எழுத்து பெரும்பாலும் மாறாது.

பில்லைக் கேட்டு வாங்குங்கள்

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்க வேண்டும். பில் வழுவழுப்பான தாளில் இருந்தால் அது மங்கிவிடும். அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

பொருளில் குறை இருந்தால் முதலில் கடையில் சொல்லுங்கள். அங்கே தீரவில்லை என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்குத் துணை நிற்கிறது. பில் கையில் இருந்தால் நம் பேச்சுக்குப் பலம் உண்டு.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வாரம் ஒரு பக்கமாவது பிரிண்ட் எடுங்கள். மை காயாது. லேசருக்கு இது தேவையில்லை.

தூசு விழாமல் துணி போட்டு மூடுங்கள். வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

மழைக் காலத்தில் தாள் ஈரம் இழுக்கும். ஈரத் தாள் உள்ளே சிக்கிக்கொள்ளும். மிச்சத் தாளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

தாள் சிக்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். லேசர் என்றால் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். உள்ளே சூடு இருக்கும்.

காலிக் கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடாதீர்கள். எரிக்கவும் கூடாது. பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் மின்னணுக் கழிவு. 2022-ஆம் ஆண்டு விதிகளில் இவை சேர்க்கப்பட்டுள்ளன. வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள்.

நினைவில் வைப்போம்

முதலில் மாதப் பக்கத்தை எண்ணுவோம்.

பிரிண்டர் விலையோடு மை விலையையும் பார்ப்போம்.

கொஞ்சமாக எடுப்பவருக்குக் கடை போதும்.

நிறைய எடுப்பவருக்கு இங்க் டேங்க் நல்லது.

பல நாள் சும்மா வைத்துவிட்டு ஒரே சமயத்தில் எடுப்பவர் லேசரையும் பார்க்கலாம்.

தனியாக முடியாவிட்டால் சேர்ந்து வாங்குவோம்.

புதிய சொற்கள்

அச்சுப்படி, கார்ட்ரிட்ஜ், மைத்தொட்டி, டோனர், ஸ்கேனர், உத்தரவாதம், நுகர்வோர், மின்னணுக் கழிவு.

இந்தச் சொற்களை இரண்டு முறை உரக்கப் படியுங்கள். ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

பயிற்சி

அ) விடை எழுதுங்கள்.

1. பேபி ஹால்தார் தன் வாழ்க்கையை எதில் எழுதினார்?

2. விலை குறைந்த பிரிண்டர் ஏன் செலவில் கூடியது?

3. அக்கா கடையில் பிரிண்ட் எடுக்க ஏன் தயங்கினார்? அது சரியா? உங்கள் கருத்து என்ன?

ஆ) கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. லேசர் பிரிண்டரில் ஈர மைக்குப் பதிலாக ________ என்ற தூள் இருக்கும்.

2. தேசிய நுகர்வோர் உதவி எண் ________.

3. கபர் லஹரியா ________ ஆம் ஆண்டு தொடங்கியது.

இ) கணக்குப் போடுங்கள்.

1. ஒரு புட்டி மை 500 ரூபாய். 2,500 பக்கம் வரும். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு மைச் செலவு?

2. ஒருவர் மாதம் 20 பக்கம் எடுக்கிறார். கடையில் ஒரு பக்கம் 5 ரூபாய். மூன்று ஆண்டில் அவருக்கு எவ்வளவு ஆகும்? அவர் பிரிண்டர் வாங்க வேண்டுமா?

(விடை: 1. 20 பைசா. 2. 3,600 ரூபாய். அவருக்குக் கடையே போதும்.)

ஈ) செய்து பாருங்கள்.

உங்கள் மையத்தில் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் மாதம் எத்தனை பக்கம் எழுதுகிறார்கள்? ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். பிறகு கடைக்குப் போய் விலை கேட்டு வாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

அதுவரை நோட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.